ஸ்டாக்ஹோம் பழைய நகரத்தில் கைடோடு ஒரு நடை: புறப்படும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

2025 ஜூனில் அம்மாவை அழைத்துக்கொண்டு ஸ்டாக்ஹோம் போயிருந்தேன். அக்கா அங்கே வேலை பார்க்கிறாள். வாரநாளில் ஊர் சுற்றிக் காட்ட அவளுக்கு நேரமில்லை என்பதால், பழைய நகரத்தை நடந்து பார்க்கும் சுற்றுலா ஒன்றுக்குப் பணம் கட்டினேன். முதல் நாள் அதைத் தவறவிட்டோம். நேரத்துக்குக் கிளம்பினோம், நேரத்துக்கு ஒரு சதுக்கத்தில் போய் நின்றோம், ஆனால் அது வேறு சதுக்கம். சரியான இடத்துக்கு வருவதற்குள் குழு புறப்பட்டுவிட்டது. 67 வயது அம்மா கல் பாவிய தெருவில் மூச்சு வாங்க நின்றது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. இரண்டு நாள் கழித்து மறுபடி பதிவு செய்து போனோம். மொத்தப் பயணத்திலும் அம்மாவுக்கு மிகவும் பிடித்தது அந்த இரண்டு மணி நேரம்தான்.

உங்களுக்கு அந்த முதல் நாள் வரக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன். இந்தியாவிலிருந்து முதல்முறை போகிறவர்களை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன். ஸ்வீடன் நாணயத்தின் பெயர் குரோனர். நாங்கள் போனபோது ஒரு குரோனர் சுமார் 9 ரூபாய்.

1. எந்த மாதம், எந்த வகை நடை

மே முதல் செப்டம்பர் வரை போக முடிந்தால் போங்கள். ஜூன் கடைசியில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், அதனால் மாலை நடைக்குக்கூடத் தயங்காமல் பதிவு செய்யலாம். டிசம்பரில் நிலைமை நேர்மாறு. மதியம் மூன்று மணிக்குள் சூரியன் மறைந்துவிடும், கற்கள்மீது பனி உறைந்து வழுக்கும். அந்த மாதத்தில்தான் போக முடியும் என்றால் காலை பத்து அல்லது பதினொரு மணி நடையை எடுங்கள்.

கோடையிலும் ஒரு பொறி உண்டு. ஜூன் 19க்கும் 25க்கும் இடையில் வரும் வெள்ளிக்கிழமை அவர்களுடைய நடுக்கோடைத் திருநாள். அன்றும் மறுநாளும் பாதி ஊர் கிராமத்துக்குக் கிளம்பிவிடும், கடைகள் பல மூடியிருக்கும். அந்த இரண்டு நாளில் நடை உண்டா என்று விசாரிக்காமல் பணம் கட்டாதீர்கள்.

நடைகள் மூன்று வகை. முதலாவது, ‘இலவசம்’ என்று விளம்பரம் செய்யப்படும் நடை. இதில் முன்பணம் கிடையாது, முடிவில் கைடுக்கு நாம் கொடுப்பதுதான் அவருடைய வருமானம். அதனால் இதை இலவசம் என்று எடுத்துக்கொள்ளாமல் ஆளுக்கு 100 முதல் 200 குரோனர் வரை ஒதுக்கி வையுங்கள். இரண்டு மணி நேரம் தொண்டை வறளப் பேசியவரிடம் நன்றி மட்டும் சொல்லிவிட்டு நழுவுவது நியாயமில்லை. இரண்டாவது, முன்கூட்டியே டிக்கெட் வாங்கும் சிறு குழு நடை. நான் பார்த்தவரை ஆளுக்கு 250 முதல் 350 குரோனர் வரை கேட்கிறார்கள். மூன்றாவது, உங்கள் குடும்பத்துக்கு மட்டும் தனி கைடு. இதில் தலைக்கு என்று இல்லாமல் நேரத்துக்குக் கணக்கு, சில ஆயிரம் குரோனர் ஆகும். ஏழெட்டுப் பேராகப் போனால் இது பெரிய செலவாகத் தெரியாது. முதியவர்கள் கூட இருந்தால் அவர்கள் வேகத்துக்கு நடக்கலாம் என்பது பெரிய நிம்மதி.

ஸ்வீடனில் கைடு வேலைக்கு உரிமம் கட்டாயமில்லை. ஆனால் முறையாகப் படித்துத் தேர்வு எழுதி, ஸ்டாக்ஹோம் கைடு என்று அங்கீகாரம் பெற்றவர்கள் இருக்கிறார்கள். தனி கைடு அமர்த்துவதென்றால் அவர்களில் ஒருவரைத் தேடுங்கள்.

2. விசா: இரண்டரை மாதத்துக்கு முன்பே தொடங்குங்கள்

வேண்டியது ஷெங்கன் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்) குறுகிய கால விசா. பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாகக் கொடுத்திருக்க வேண்டும். முடிவு வர 15 நாள் என்பது விதி. ஆனால் அதை 45 நாள் வரை நீட்டிக்கவும் விதியில் இடமிருக்கிறது. கோடை விடுமுறைக்கு முன்பு விண்ணப்பம் கொடுக்க அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே கஷ்டம். அதனால்தான் இரண்டரை மாதம் என்கிறேன்.

பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, ஆறு வயதுக்குக் கீழே கட்டணம் இல்லை. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் இதற்கு மேல் தனி. விசா மறுக்கப்பட்டாலும் இந்தப் பணம் திரும்ப வராது.

கையில் இருக்க வேண்டியவை: பாஸ்போர்ட் (பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டது, அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கம் வெறுமையாக இருக்க வேண்டும்), 35க்கு 45 மில்லிமீட்டர் புகைப்படம், போக வர விமான முன்பதிவு, தங்கும் இடத்தின் சான்று, வங்கிக் கணக்கு விவரம், வேலை செய்பவரானால் விடுப்புக் கடிதம், பயணக் காப்பீடு. காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும், ஷெங்கன் நாடுகள் முழுக்கச் செல்ல வேண்டும், பயண நாட்கள் அத்தனைக்கும் இருக்க வேண்டும். வங்கி விவரத்தை ஆறு மாதத்துக்கு எடுத்துக் கொடுத்துவிடுங்கள். விசாவுக்கு இரண்டு வாரம் முன்பு யாரிடமாவது கடன் வாங்கிக் கணக்கில் பெரிய தொகை போட்டுக் காட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதைச் செய்யாதீர்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று விளக்க முடியாமல் போனால் அதுவே மறுப்புக்குக் காரணமாகும்.

உறவினர் வீட்டில் தங்குவதாக இருந்தால் அவர் நிரப்பிக் கையெழுத்திட்ட அழைப்புப் படிவமும், ஸ்வீடன் வரித்துறையிடம் அவர் வாங்கும் மக்கள் பதிவுச் சான்றும் சேர வேண்டும். அக்கா இந்தச் சான்றை அனுப்ப மறந்ததால் எங்களுக்கு ஒரு வாரம் வீணானது. முதல் நாளே கேட்டு வாங்கி வையுங்கள்.

இன்னொரு தவறும் நிறையப் பேர் செய்கிறார்கள். ஸ்டாக்ஹோமில் மூன்று நாள், கோபன்ஹேகனில் ஐந்து நாள் என்றால் விண்ணப்பிக்க வேண்டியது டென்மார்க்கிடம். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் கொடுக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு.

அக்டோபர் 2025 முதல் ஷெங்கன் எல்லையில் கைரேகையும் முகப்படமும் பதிவு செய்யும் புதிய முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். அதனால் வரிசை நீளும். தரையிறங்கும் நாளிலேயே நடைக்குப் பதிவு செய்யாதீர்கள்.

3. பணம்: நோட்டை விட அட்டை முக்கியம்

ஸ்டாக்ஹோமில் ரொக்கத்தையே வாங்காத கடைகள் ஏராளம். காபிக் கடையிலிருந்து கட்டணக் கழிப்பறை வரை அட்டைதான். கிளம்பும் முன் உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து, வெளிநாட்டுப் பரிவர்த்தனையும் தொட்டுச் செலுத்தும் வசதியும் இயங்குகின்றனவா என்று பாருங்கள். இந்திய அட்டைகளில் இவற்றை நாமாகத்தான் இயக்க வேண்டும். ஓடிபி இந்திய எண்ணுக்குத்தான் வரும் என்பதால் அந்த சிம்மையும் ரோமிங்கோடு வைத்திருங்கள். விசா அல்லது மாஸ்டர்கார்டு வகை அட்டை இரண்டு, வெவ்வேறு வங்கியில் இருப்பது நல்லது.

அட்டை இயந்திரம் சில இடங்களில் ‘ரூபாயிலா, குரோனரிலா’ என்று கேட்கும். குரோனர் என்றே அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் மோசமான மாற்று விகிதம் விழும்.

கைடுக்குக் கொடுக்கும் பணம் மட்டும் தனிக் கதை. உள்ளூர்க்காரர்கள் ஸ்விஷ் என்ற செயலியில் அனுப்பிவிடுவார்கள். அதற்கு ஸ்வீடன் வங்கிக் கணக்கு வேண்டும், நம்மால் முடியாது. நடை தொடங்கும் முன்பே ‘அட்டை வாங்குவீர்களா’ என்று கேட்டுவிடுங்கள். இதற்காகவே ஒன்றிரண்டு 200 குரோனர் நோட்டு வைத்திருந்தால் சங்கடம் இல்லை. ஆனால் சொந்தக்காரர் யாராவது பீரோவிலிருந்து எடுத்துத் தரும் பழைய நோட்டை நம்பாதீர்கள். 2015 முதல் 2017 வரை ஸ்வீடன் நோட்டுகளை மாற்றிவிட்டது. பழையவை கடையில் செல்லாது.

4. பதிவு செய்யும்போது படிக்க வேண்டியவை

எந்த மொழியில் நடக்கும் என்று முதலில் பாருங்கள். ஒரே தளத்தில் ஆங்கிலம், ஸ்பானிஷ், ஜெர்மன் எல்லாம் அடுத்தடுத்து இருக்கும். அப்புறம் ரத்து விதி. பெரும்பாலும் 24 மணி நேரம் முன்பு சொன்னால் பணம் திரும்பும், அதற்குப் பின் இல்லை. நாங்கள் தவறவிட்ட அன்று எங்களுக்கு ஒன்றும் திரும்பவில்லை.

நேரம் 24 மணிக் கணக்கில் இருக்கும், தேதி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் வரும். வாய்மொழியாக யாராவது ‘ஹால்வ் த்ரே’ என்றால் இன்னும் கவனம். சொல்லுக்குச் சொல் ‘அரை மூன்று’. நம் காதுக்கு மூன்றரை போலக் கேட்கும். அவர்களுக்கு அது மூன்றை எட்ட இன்னும் அரை மணி, அதாவது இரண்டரை.

உள்ளே போகும் கட்டணம் எதுவும் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பொதுவாகச் சேராது. அரண்மனை, பெரிய தேவாலயம், நோபல் அருங்காட்சியகம் மூன்றையும் வெளியே நின்றுதான் விளக்குவார்கள். உள்ளே பார்க்க வேண்டுமானால் தனி டிக்கெட், தனி நேரம்.

5. சந்திப்பு இடம்: நாங்கள் ஏமாந்த இடம்

பழைய நகரத்தின் பெயர் காம்லா ஸ்டான். அது ஒரு தீவு. அதில் ஸ்டூர்தோர்யெட் என்ற பெரிய சதுக்கம் நடுவில் இருக்கிறது, யேர்ன்தோர்யெட் என்ற சதுக்கம் தெற்கு முனையில் இருக்கிறது. தண்ணீரைத் தாண்டி வடக்கே, மத்திய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் செர்கெல்ஸ் தோரி என்று வேறொன்று. எழுத்தில் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோல இருக்கும். நாங்கள் யேர்ன்தோர்யெட்டில் நின்றோம், குழு ஸ்டூர்தோர்யெட்டிலிருந்து கிளம்பியது.

இந்த ஐந்து சொற்களை மட்டும் மனதில் வையுங்கள், வரைபடம் பாதி புரிந்துவிடும். தோரி அல்லது தோர்யெட் என்றால் சதுக்கம். காத்தன் என்று முடிந்தால் தெரு. கிரென்ட் என்றால் சந்து. ப்ரூ என்றால் பாலம். ஷிர்கா என்றால் தேவாலயம்.

உறுதிப்படுத்தும் மின்னஞ்சலில் வரும் வரைபடப் புள்ளியை முதல் நாள் மாலையே திறந்து சேமித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் முதல் நாளே போய் நின்று பார்த்துவிடுங்கள். கைடு என்ன நிறக் குடை அல்லது அட்டையோடு நிற்பார் என்பதும் அதில் இருக்கும். ஒரே சதுக்கத்திலிருந்து நாலைந்து குழுக்கள் கிளம்புவதால் அதுதான் அடையாளம். பத்து மணி என்றால் பத்து மணிதான். பதினைந்து நிமிடம் முன்பே போய் நில்லுங்கள்.

6. விமான நிலையத்திலிருந்தும் ஊருக்குள்ளும்

ஆர்லாண்டா விமான நிலையத்திலிருந்து நேர் விரைவு ரயில் சுமார் 20 நிமிடத்தில் கொண்டுவந்து விடும், ஆனால் 300 குரோனருக்கு மேல். பேருந்து அதில் பாதி கூட ஆகாது, முக்கால் மணி நேரம் எடுக்கும். புறநகர் ரயிலும் உண்டு. அதில் ஏறினால் சாதாரண டிக்கெட்டோடு நிலையக் கட்டணம் ஒன்று கூடுதலாக விழும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மிகக் குறைந்த செலவு வேண்டுமா? 583 எண் பேருந்தில் மெர்ஷ்டா நிலையம் போய், அங்கிருந்து புறநகர் ரயில் பிடியுங்கள். சாதாரண நகர டிக்கெட்டே போதும். பெட்டிகள் நிறைய இருந்தால் இதை நான் சொல்ல மாட்டேன்.

ஊருக்குள் எஸ்எல் என்ற ஒரே டிக்கெட்டில் மெட்ரோ, பேருந்து, டிராம் எல்லாம் போகலாம். நாங்கள் போனபோது ஒற்றை டிக்கெட் 43 குரோனர், 75 நிமிடம் செல்லும். 24 மணி டிக்கெட் 180, 72 மணி டிக்கெட் 360. வங்கி அட்டையைக் கதவில் தொட்டாலே ஒற்றை டிக்கெட் ஆகிவிடும், ஆனால் ஓர் அட்டையில் ஒருவர்தான் போக முடியும். 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சலுகை உண்டு. அட்டையைத் தொட்டால் முழுக் கட்டணம் போய்விடும் என்பதால் எஸ்எல் செயலியில் சலுகை வகையைத் தேர்ந்தெடுத்து வாங்குங்கள். மத்திய நிலையமான டி-சென்ட்ராலனிலிருந்து தெற்கே அடுத்த நிறுத்தமே காம்லா ஸ்டான். தள்ளுவண்டியில் குழந்தையோடு வருபவருக்கு நகரப் பேருந்தில் கட்டணமே இல்லை, நடுக் கதவில் ஏறலாம்.

7. காலுக்கு என்ன, கைக்கு என்ன

இந்த ஒரு விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். பழைய நகரம் முழுக்க உருண்டைக் கல் பாவிய தரை, ஏற்ற இறக்கம் வேறு. சாதாரண செருப்பு, தட்டையான அடியுள்ள ஷூ, குதிகால் உயர்ந்தது எதுவும் வேண்டாம். கெட்டியான, பழகிய நடைஷூ போதும். புதிதாக வாங்கினால் ஊரிலேயே இரண்டு வாரம் போட்டு நடந்து பழக்குங்கள். குளிர்காலமானால் ஷூவின் மேல் மாட்டும் முள் பட்டை அங்கே கடைகளில் கிடைக்கும். கூரையிலிருந்து பனி விழும் என்று எச்சரிக்கைப் பலகை வைத்திருந்தால் அந்த ஓரமாக நடக்காதீர்கள்.

ஜூனிலும் மெல்லிய மழைக்கோட்டு தேவை. தண்ணீர் பாட்டிலைக் காலியாகக் கொண்டுபோய்க் குழாயில் பிடித்துக்கொள்ளலாம், குழாய்த் தண்ணீர் நன்றாகவே இருக்கும். பாஸ்போர்ட்டை அறையில் பூட்டிவிட்டு நகலை வைத்திருங்கள். எல்லோரும் அண்ணாந்து பார்க்கும் இடத்தில்தான் ஜேப்படிக்காரர்கள் வருவார்கள். பையை முன்னால் மாட்டுங்கள்.

8. நடையின்போது

தொடங்கும் முன்பே கைடிடம் போய், யாருக்கு முட்டி வலி, யாருக்குக் காது மந்தம் என்று சொல்லிவிடுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை. எங்கள் கைடு அம்மாவை முன்வரிசையிலேயே நிற்க வைத்தார், உட்காரத் திண்ணை இருக்கும் இடத்தில் கொஞ்சம் கூடுதலாகப் பேசினார்.

கவனிக்க வேண்டிய இடம் மோர்டன் ட்ரோட்சிக் சந்து. ஊரிலேயே குறுகலான சந்து அதுதான், மிக ஒடுங்கிய இடத்தில் அகலம் 90 சென்டிமீட்டர், 36 படிகள். மழை பெய்திருந்தால் வழுக்கும். முட்டி வலி உள்ளவர்கள் ஜெர்மன் தேவாலயத்துப் பக்கத்துச் சரிவான தெரு வழியாக இறங்கி, கீழே வெஸ்டர்லோங்காத்தன் கடைத்தெருவில் குழுவோடு சேர்ந்துகொள்ளலாம். அம்மாவும் நானும் அப்படித்தான் செய்தோம், ஐந்து நிமிடம்கூட வித்தியாசமில்லை.

ஃபின்னிஷ் தேவாலயத்தின் பின்முற்றத்தில் இருக்கும் இரும்புப் பையனை எல்லா நடையும் தொடுவதில்லை, கேட்டால் கூட்டிப்போவார்கள். முழங்காலைக் கட்டிக்கொண்டு நிலாவைப் பார்க்கும் சின்னஞ்சிறு சிற்பம், 15 சென்டிமீட்டர் உயரம்தான். குளிர்காலத்தில் யாரோ அவனுக்குக் கம்பளித் தொப்பியும் சால்வையும் பின்னிப் போட்டுவிடுகிறார்கள் என்று கைடு சொன்னதும் அம்மா குனிந்து அவன் தலையைத் தடவிவிட்டு, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். இந்த இடத்துக்காகவாவது காலை நடையை எடுங்கள், மதியத்துக்கு மேல் கூட்டம் சேர்ந்துவிடும்.

நடை முடிந்து அரண்மனைக் காவல் மாற்றத்தையும் பார்க்க நினைத்தால் கோடையில் வாரநாட்களில் மதியம் 12.15, ஞாயிற்றுக்கிழமை 13.15. கட்டணம் இல்லை, முக்கால் மணி நேரம் நிற்க வேண்டும். பத்து மணி நடை இதற்குச் சரியாகப் பொருந்தும்.

9. நகர மண்டபத்துக்குத் தனி நாள் ஒதுக்குங்கள்

நோபல் விருந்து நடக்கும் நகர மண்டபத்தின் உள்ளே கைடோடுதான் போக முடியும். சி. வி. ராமன் பரிசு வாங்க வந்த ஊர் என்பதால் நம்மவர்கள் இதைத் தவறவிட விரும்ப மாட்டார்கள். சுற்று முக்கால் மணி நேரம், கட்டணம் 150 குரோனருக்கு முன்பின். நீல மண்டபம் என்று பெயர் இருந்தாலும் சுவர் செங்கல் சிவப்புத்தான். பொன் மண்டபத்தில் 1.8 கோடிக்கு மேற்பட்ட சிறு கண்ணாடி, பொன் துண்டுகளைப் பதித்திருக்கிறார்கள். இது இயங்கும் அலுவலகம் என்பதால் ஏதாவது விழா வந்தால் சுற்று ரத்தாகும், நோபல் விருந்து நாளான டிசம்பர் 10ஐ ஒட்டிய நாட்களில் நம்பிப் போகாதீர்கள். அன்று காலையே நேர அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கோபுரம் கோடை மாதங்களில் மட்டும், அதற்குத் தனி டிக்கெட்.

10. சாப்பாடும் கழிப்பறையும்

பதினொன்றிலிருந்து இரண்டு மணிக்குள் ‘தாகென்ஸ் லுன்ச்’ (அன்றைய மதிய உணவு) என்று எழுதியிருக்கும் கடைக்குப் போங்கள். 120 முதல் 160 குரோனருக்குள் முக்கிய உணவு, சாலட், ரொட்டி, பெரும்பாலும் காபியும் சேர்ந்தே கிடைக்கும். மாலையில் அதே கடையில் விலை வேறு. சதுக்கத்தை ஒட்டிய கடைகளை விட்டு இரண்டு தெரு தள்ளிப் போனாலே குறையும். சைவம் சாப்பிடுபவர்கள் ‘இறைச்சியும் மீனும் வேண்டாம்’ என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். மிட்டாய்களில் ஜெலட்டின் இருக்கும்.

கழிப்பறையை நடைக்கு முன்பே முடித்துவிடுங்கள், வழியில் நிறுத்த மாட்டார்கள். கட்டணம் 5 முதல் 10 குரோனர், அட்டை கையில் தயாராக இருக்கட்டும். மருத்துவ அவசரத்துக்கு 112.

நடை முடிந்த கையோடு ரயில் ஏறாமல், பாலத்தைத் தாண்டி ரிட்டர்ஹோல்மென் தீவின் மேற்குக் கரைக்குப் போங்கள். கட்டணம் கிடையாது, உட்கார இடம் இருக்கிறது, எதிரே தண்ணீருக்கு அப்பால் நகர மண்டபம் முழுதாகத் தெரியும். அம்மா ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். காம்லா ஸ்டான் மெட்ரோ நிலையம் அங்கிருந்து பக்கம்தான், உள்ளே லிஃப்டும் இருக்கிறது.